பந்து ஏன் வலது பக்கம் போச்சு?

விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம், கணக்கில் 160 மணி நேரம். ஆனால் அதில் முக்கால்வாசி காற்றே இல்லாத காலை நேரத்துப் பறத்தல். அதனால்தான் அன்றைக்குப் பக்கவாட்டுக் காற்றில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை இறக்கியதும், பக்கத்தில் இருந்த நண்பர் "சூப்பரா இறக்கினீங்க" என்று சொன்னபோது எனக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது. கடைசித் திருப்பத்தில் ஏதோ தப்பு நடந்தது. என்னவென்றுதான் புரியவில்லை.

ஒரு பயிற்சியாளரிடம் போனேன். "அதே சுற்றை இப்ப எனக்குப் பறந்து காட்டுங்க, எதையும் திருத்தாதீங்க" என்றார். காட்டினேன். ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்கும் இடதுபக்கச் சுற்று. பேஸ் லெக்கில், அதாவது கடைசித் திருப்பத்துக்கு முந்தைய குறுக்குப் பகுதியில், காற்று பின்னாலிருந்து தள்ள, ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டேன். தாழ்வாக இருக்கும்போது சிறகை அதிகம் சாய்க்கப் பயம். அதனால் வால் துடுப்பைத் திருப்பும் இடது ரட்டர் மிதியை மிதித்து மூக்கை இழுத்தேன். சாய்வு தானாகக் கூட, அதைத் தடுக்க, சிறகைச் சாய்க்கும் ஏலரானை வலது பக்கம் பிடித்தேன். மூக்கு இறங்க, யோக்கை, அதாவது கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்கை, பின்னால் இழுத்தேன். விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் கருவியில் இருந்த பந்தை அவர் தட்டிக் காட்டினார். சறுக்காவிட்டால் அது நடுவில் நிற்கும். அது வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து, நல்ல உயரத்துக்கு ஏறி, ஃபிளாப் (இறங்கும்போது கீழே விடும் சிறகு மடல்) போடாமல், இன்ஜினை ஐடிலில் வைத்து அதையே செய்யச் சொன்னார். சிறகு தூக்கும் சக்தியை இழக்கப் போவதை எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் முனக ஆரம்பித்ததும் இடது சிறகு காலடியில் நழுவி, கண்ணாடி முழுக்கத் தரை. யோக்கை முன்னால் தள்ளி, எதிர் ரட்டர் கொடுத்து, நிமிர்த்தி மீள்வதற்குள் கிட்டத்தட்ட 500 அடி போய்விட்டது. அந்தத் திருப்பத்தில் நமக்குக் கீழே இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.

ஆறு வகுப்புகள் போனேன். என்னுடைய இன்னொரு கெட்ட பழக்கமும் வெளியே வந்தது: இறங்கும்போது 65 நாட் (மணிக்கு 65 கடல்மைல்) வேகத்தில் வர வேண்டிய இடத்தில், பாதுகாப்புக்காம், 75-இல் வருவேன். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், நிறுத்துவதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுமந்து வந்திருக்கிறேன்!

ஆனால் அதிக நேரம் போனது கோ-அரவுண்டில்தான், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருவதில். முழு த்ராட்டில், வலது ரட்டர், மேலே எகிறும் மூக்கை அமுக்குவது, ஃபிளாப்பை ஒரேயடியாக எடுக்காமல் படிப்படியாக எடுப்பது. கைக்குத் தெரிந்துவிட்டது, மனசுக்குத்தான் வெட்கம் போகவில்லை. அதனால் ஒரு சீட்டில் எழுதி முழங்காலில் கட்டும் பலகையில் ஒட்டினேன்: "கோட்டைத் தாண்டினால் 30 டிகிரிக்கு மேல் சாய்ப்பில்லை, ரட்டர் இல்லை. மேலே போ."

போன மாதம் அதே நண்பர், அதே மாதிரிக் காற்று. கோட்டைத் தாண்டினேன். த்ராட்டிலைத் தள்ளினேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, இன்னொரு சுற்று."

அடுத்த தடவை பேஸுக்குச் சீக்கிரமே திரும்பி, பந்து நடுவில் நிற்க இறங்கினேன். லேசாக ஒரு குதி குதித்தது. இந்தத் தடவை நண்பர் ஒன்றும் சொல்லவில்லை.