விதைப்புல ஆரம்பிச்சு உழவு வரை, லாக்லியா நாலு பாட்டில்

ஸ்காட்லாந்துல ஏர்ஷயர் பக்கம் லாக்லியானு ஒரு பண்ணை, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1777ல இருந்து 1784 வரை குடும்பத்தோட இருந்து உழுத நிலம். 2018ல அங்கேயே விஸ்கி காய்ச்ச ஆரம்பிச்சாங்க, பார்லியும் அவங்க வயல்லயே விளையுது. விவசாய வருஷத்த வச்சு சோயிங், ஹார்வெஸ்ட், ஃபாலோ, ப்ளவிங்னு நாலு சிங்கிள் மால்ட் (ஒரே ஆலைல முளைகட்டின பார்லில மட்டும் காய்ச்சின விஸ்கி) போட்டிருக்காங்க, அதாவது விதைப்பு, அறுவடை, தரிசு, உழவு. நாலையும் அந்தந்த பருவத்துலயே திறந்து, வாரத்துக்கு ஒரு தடவ 20 மில்லி மட்டும் ஊத்தி, நோட்டுல எழுதிட்டு வந்தேன்.

விதைச்ச பார்லி அதே வருஷம் பாட்டிலுக்கு வந்துடாது, ஓக் பீப்பாய்ல குறைஞ்சது 3 வருஷம் இருந்தாத்தான் ஸ்காட்ச்னு சொல்லவே முடியும், அதனால இதுல பருவம்ங்கறது பீப்பாய் வழியா வர்ற விஷயம். விதைப்புக்கு போர்பன்ங்கற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், தரிசுக்கு ஒலோரோசோ ஷெர்ரிங்கற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாய், உழவுக்கு பீட் விஸ்கி, அதாவது கரிமண் புகை ஏத்தின விஸ்கி, முன்னாடி இருந்த பீப்பாய். அறுவடைல போர்ட்ங்கற போர்ச்சுகல் இனிப்பு ஒயின் பீப்பாய், போர்பன் பீப்பாய், அதோட எஸ்டிஆர்னு ஒண்ணு, பழைய ஒயின் பீப்பாயோட உள்பக்கத்த செதுக்கி, வாட்டி, திரும்ப கரியாக்கி எடுப்பாங்க.

முதல் ரெண்டு வாரம் எழுதினது எல்லாம் வீண். ராத்திரி பூண்டு ரசம், ஊறுகாய்னு சாப்பிட்டுட்டு உக்காந்தேன், நாக்குல கசப்ப தவிர ஒண்ணும் நிக்கல, அப்புறம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாத்தினேன். அதுக்கப்புறம்தான் விதைப்பு பிடிபட்டுச்சு. எங்கிட்ட இருந்தது 48% ஆல்கஹால், சும்மா குடிச்சா மூக்குல ஏறும், மருந்துக்கடை டிராப்பர்ல அஞ்சு சொட்டு தண்ணி விட்டு ரெண்டு நிமிஷம் விட்டா பச்சை ஆப்பிள், வெனிலா, அதுக்கு அடியில ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிய திறந்தா வருமே அந்த மணம். ஹார்லிக்ஸ்லயும் முளைகட்டின பார்லி இருக்கே, அது தெரிஞ்சப்ப அவ்ளோ சந்தோஷம்.

அறுவடை நாவல்பழம் மாதிரி லேசா துவர்ப்பு. தரிசு பேரீச்சை, கருப்பட்டி, வீட்டுக்கு வந்தவங்க எல்லாருக்கும் இதுதான் பிடிச்சுது, ஆனா ஷெர்ரி தானிய வாசத்த மூடிடுதுன்னுதான் எனக்கு அப்ப தோணுச்சு. உழவுல புகை இருக்கு, அடிச்சு தூக்கற புகை இல்ல, விறகடுப்பு அணைஞ்ச மறுநாள் காலைல சமையல்கட்டுல இருக்கற வாசம், குளிர் காலத்துக்கு ரொம்பவே பொருத்தம்.

நாலும் கைல இருக்கும்போது ஒரு டெஸ்ட் பண்ணேன். வீட்ல மனைவிய ஊத்தச் சொல்லி, கிளாஸ் அடியில நம்பர் ஒட்டி கலைச்சு வச்சாங்க. உழவையும் தரிசையும் உடனே சொல்லிட்டேன், விதைப்பையும் அறுவடையையும் மாத்தி சொன்னேன், தண்ணி விட்டதும்தான் சரியா வந்துச்சு. கழுவாம அப்படியே விட்டுட்டு மறுநாள் காலைல காலி கிளாஸ மோந்து பாத்தேன், ஒண்ணுல மட்டும் புகை, மத்த மூணுலயும், தரிசுல கூட, அதே ஹார்லிக்ஸ் வாசம். ஷெர்ரி தானியத்த மூடிடுதுன்னு நோட்டுல எழுதி இருந்தத அப்பவே அடிச்சுட்டேன்.

நாலுலயும் 50 மில்லி எடுத்து சின்ன பாட்டில்ல விளிம்பு வரை ஊத்தி அலமாரில வச்சிருக்கேன், அடுத்த விதைப்பு பாட்டில் வாங்கினதும் பக்கத்துல வச்சு பாக்கணும்.