அறுபத்துமூன்று மாத்திரை

மார்ச் 10, 2025, திங்கள்

நாளை புது மருந்து ஆரம்பம். அம்மாவுக்கு 71 வயது. 2016இல் மார்புப் புற்றுக்கு அறுவை, அப்புறம் ஐந்து வருடம் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. 2021இல் அதை நிறுத்தியபோது வீட்டில் பாயசம் வைத்தோம். இப்போது இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் இஆர் பாசிட்டிவ் வகைக்கு இது வழக்கம்தானாம், பல வருடம் கழித்தும் திரும்புமாம்.

கீமோ இப்போதைக்கு இல்லை. பழைய லெட்ரோசோல் தினமும் ஒன்று. கூடவே ரிபோசிக்லிப் என்ற புது மாத்திரை, காலையில் மூன்று, 21 நாள், பிறகு ஒரு வாரம் ஓய்வு. அது இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் இசிஜி எடுத்தார்கள்.

மருந்து கொடுத்த பெண் 63 என்று எண்ணிக் கொடுத்தாள். அம்மா உடனே, "அறுபத்துமூவர்!" என்றார். பம்பளிமாஸ் மட்டும் கூடாதாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஈப்போ சித்தப்பா கொண்டுவந்த இரண்டு பழமும் பக்கத்து வீட்டுக்குப் போயின.

மார்ச் 12, புதன்

"தீட்டு நின்று இருபது வருஷமாச்சு. எனக்கு ஏதுடி ஹார்மோன்?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. சூலகம் ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்பில் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. லெட்ரோசோல் அந்த நொதியை அடைக்கிறது. ரிபோசிக்லிப் செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர் அம்மா. "அப்ப ஒண்ணு பாலை நிறுத்துது, இன்னொண்ணு மரத்தையே வளரவிடாம பண்ணுது" என்றார். இருக்கட்டும், கிட்டத்தட்ட சரிதான்.

1896லேயே கிளாஸ்கோவில் பீட்சன் என்ற மருத்துவர் சூலகத்தை எடுத்து, பரவிய மார்புப் புற்று சுருங்குவதைக் காட்டிவிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே 1905இல்தான் வந்தது.

இரவு தூக்கம் வராமல் இந்த இரண்டு மருந்தையும் பற்றிய ஆய்வு முடிவைத் தேடினேன். 668 பெண்கள். லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் 51.4 மாதம் தாண்டி உயிரோடு இருந்திருக்கிறார்கள். ரிபோசிக்லிப்பும் சேர்த்தவர்களில் 63.9 மாதம். மறுபடியும் 63. அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஓரளவு ஓடியாடுகிறவர்கள், பெரிய இதயக் கோளாறு இல்லாதவர்கள். எங்கள் அம்மா சர்க்கரை, பிரஷர், முழங்கால் எல்லாவற்றையும் கட்டி இழுத்துக்கொண்டு பினாங்கு ஆயர் ஈத்தாம் பசாருக்குப் போகிறவர். அந்த எண்ணில் அவருக்கு இடம் உண்டா?

மார்ச் 25, செவ்வாய்

நியூட்ரோபில் என்ற வெள்ளணு 0.8க்கு இறங்கிவிட்டது. ரிபோசிக்லிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெள்ளணுக்களும் பிரிந்து பெருகுபவைதானே, அவையும் அடிபடுகின்றன. காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும். டப்பாவில் 21 மீதி. அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 8

ஏறிவிட்டது. மறுபடி மூன்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

0.7. அடுத்த சுற்றிலிருந்து காலையில் இரண்டுதான். எனக்கு முகம் செத்துவிட்டது. குறைவாகச் சாப்பிட்டால் குறைவாகத்தானே வேலை செய்யும்? டாக்டர் சிரித்தார். ஆய்வில் இருந்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருந்ததாம். குறைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. சொல்லாமல் நிறுத்துகிறவர்கள்தான் பயமாம். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மே 2

இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) பணம் எடுக்க மனு போட்டேன். பெற்றோர் வைத்தியத்துக்கும் எடுக்கலாம். இதைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை.

மே 8, வியாழன்

வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில் லெட்ரோசோல். மொத்தம் பதினொன்று. நான் கத்திவிட்டேன்.

விரல் மடக்க முடியவில்லையாம், காலையில் கோப்பி கிளாஸ் பிடிக்க வரவில்லையாம். "அந்த மஞ்ச மாத்திரையாலதான். போன தடவையும் இதே வலிதான், உங்கிட்ட சொல்லல." ஐந்து வருடம்! நாள் தவறாமல் சாப்பிட்டார் என்றுதான் இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். விலை கூடிய மாத்திரையை நாள்காட்டியில் குங்குமப் பொட்டு வைத்து எண்ணுகிறவர், மலிவானதை வெற்றிலைக்கு அடியில் போட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

கத்தியதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேச்சில்லை. அப்புறம் நானே போய், "அறுபத்துமூவருக்குப் பூஜை பண்றீங்க, மஞ்சள் பிள்ளையாரை விட்டுட்டீங்களே" என்றேன். யோசித்தார். "அவருதான் முதல்ல" என்றார்.

மே 13

வலியை இந்த முறை நர்ஸிடம் அம்மாவே சொன்னார். வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், நடந்தால் மூட்டு இளகுமாம். தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவுக்குக் காலையில் கூட்டிப்போகிறேன். குரங்குகளைத் திட்டிக்கொண்டே நடக்கிறார். எலும்புக்கு ஊசி தனியாக நடக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்கேன் முடிவு. புதிதாக எதுவும் இல்லை, இருந்தவை வளரவில்லை. நியூட்ரோபில் 1.6. டாக்டர் மலாயில், "சாக்கிட் லாகி?" (இன்னும் வலிக்கிறதா?) என்று கேட்டார். அம்மா விரல்களை மடக்கிக் காட்டினார், சுண்டுவிரல் மட்டும் பாதியில் நின்றது.

வரும் வழியில் வெற்றிலை வாங்கினோம். பெட்டியை என் முன்னால் திறந்து காட்டிவிட்டுத்தான் அடுக்கினார்.