பாமினியிலிருந்து பதிப்பகத்துக்கு: ஒரு சிறுகதைத் தொகுப்பை அனுப்பிய அனுபவம்

தமிழில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவே முகவர் என்று ஒருவர் இருப்பது அபூர்வம். நேரே மின்னஞ்சல் அனுப்ப வேண்டியதுதான். என் தொகுப்புக்கு அவர்கள் கேட்டது கொஞ்சம்தான்: எல்லாக் கதையும் யூனிகோடில் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) ஒரே வேர்டு கோப்பாக, கூடவே அதன் பிடிஎஃப், ஒவ்வொரு கதையும் முதலில் வந்த இதழின் பெயர், மாதம், ஆண்டு.

பழைய கதைகள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தன, நடுவில் சில அதே ரகமான வானவில்லில், புதியவை கைபேசியில் அடித்தவை. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. என் கணினிதான் அவசரப்படவில்லை. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றும் மென்பொருளில் போட்டால் எழுத்து மாறிவிடும், சரி. மாறி வந்ததை வரிவரியாகப் படிப்பதில்தான் பெரும்பகுதி நேரம் போனது.

பாமினியில் திரையில் 'க' என்று தெரிவது கோப்புக்குள் ஆங்கிலச் சின்ன எஃப். பெரிய எஃப் என்றால் 'கு'. வேர்டோ வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கேட்காமலே பெரிய எழுத்தாக்கும். அதனால் "கடை சாத்தியிருந்தது" என்று தொடங்கிய கதை "குடை சாத்தியிருந்தது" என்று தொடங்கியது. குடையும் நல்ல தமிழ்ச் சொல்தானே, எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. வாக்கியத் தொடக்கங்களை மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு தலைவலி 'ஔ'. பழைய கோப்புகளில் 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்து நின்று ஔவையார் வேஷம் போட்டிருக்கும். கௌரியும் அப்படித்தான், 'கெ'யும் 'ள'வும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது. மொத்தமாக மாற்றிவிடலாம் என்று கை வைத்தால் 'ஒளி'யும் 'கெளுத்தி'யும் நாசமாகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வழி இல்லை. துணைக்காலுக்குப் ('ா') பதில் 'ர' போட்டிருக்கும் இடங்களும் அதே ரகம்.

கதைக்குள் வந்த ஆங்கிலச் சொற்களையும் கன்வர்ட்டர் தமிழாக்கிக் கொத்திவிடும். இதற்கு வேர்டிலேயே வழி உண்டு: தேடும் பெட்டியின் ஃபார்மட் பகுதியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் பாமினியில் இருக்கும் பகுதியை மட்டும் பிடித்துத் தரும். அதை மட்டும் எடுத்து மாற்றினால் போதும்.

இதோடு ஒப்பிட்டால் பக்க அமைப்பு ஒரு வேலையே இல்லை. ஏ4 தாள், லதா எழுத்துரு 12 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி, நாலு பக்கமும் ஓர் அங்குலம். பத்தியின் உள்தள்ளலை ஸ்பேஸ் தட்டி வைக்காமல் ஸ்டைலில் வைத்தேன். புதுக் கதைக்கு எண்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் பக்க முறிப்பு. காட்சி மாறும் இடத்தில் வெற்று வரி விடுவது என் பழக்கம், அது லேஅவுட்டில் பக்க அடியில் விழுந்தால் காணாமல் போகும் என்பதால் மூன்று நட்சத்திரம் போட்டேன். அட்டைக்கு ஓவியம், கலர் தலைப்பு, அலங்காரக் கோடு எதுவும் வைக்கவில்லை. வைத்தாலும் லேஅவுட் செய்பவர் முதல் வேலையாக அதைத்தான் அழிப்பார்.

டெமி என்ற புத்தக அளவில் புரூஃப் (திருத்துவதற்கான மாதிரிப் பக்கங்கள்) வந்தபோது மறுபடியும் அதே எழுத்துகளைத் தேட வேண்டியிருந்தது. லேஅவுட்டுக்காக என் யூனிகோடை அவர்கள் பழைய எழுத்துருவுக்கே திருப்பியிருந்தார்கள்! பல இடங்களில் இன்னும் அப்படித்தான் நடக்கிறது, அனுப்பும்போதே கேட்டுக்கொள்ளலாம். புரூஃபில் செய்யும் திருத்தம் நம் வேர்டு கோப்புக்குத் தானாக வராது. நான் பிடிஎஃபில் குறித்த ஒவ்வொன்றையும் அன்றன்றே வேர்டிலும் ஏற்றினேன். பிறகு மின்னூல் போடலாமா என்று அவர்கள் கேட்டபோது அந்தக் கோப்பைத்தான் அனுப்பினேன்.