சாங்கி லவுஞ்சில் மூன்று மணி நேரம்

மகள் நியூஜெர்சியில் குடியேறிய பிறகு, நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் சென்று, அங்கிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் நேரடி விமானத்தில் நியூஜெர்சியின் நியூவர்க் செல்வதையே வழக்கமாக்கிக்கொண்டோம். சுமார் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். அந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் பிசினஸ், பிரீமியம் எகானமி என இரண்டு வகுப்புகள் மட்டுமே உண்டு. நாங்கள் வாங்கும் பிரீமியம் எகானமி சீட்டுக்கு லவுஞ்ச் எனும் விமான நிலைய ஓய்வுக்கூடத்தில் அனுமதி கிடையாது என்பதால், கடன் அட்டையோடு வந்த பிரையாரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் அனுமதி அட்டையைக் காட்டி உள்ளே செல்கிறோம். பெரும்பாலும் மூன்று மணி நேரம் இருக்க விடுவார்கள்.

முதல் பயணத்தில் அந்த மூன்று மணி நேரத்தையும் சாப்பாட்டுக்கே கொடுத்துவிட்டோம். வயிறு நிறைய உண்டு, விமானம் கிளம்பியதும் உறங்கி, பாதி வழியில் விழித்தபோது இன்னும் பத்து மணி நேரம் மீதமிருந்தது. அதன் பிறகு இருவருக்கும் தூக்கம் வரவில்லை. ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரம் முழுவதும், பேத்தி பள்ளியிலிருந்து வரும் வேளையில் நான் உறங்கிக்கொண்டிருந்தேன்; அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்த முறை கிளம்பும் முன்பு நேரக் கணக்கை எழுதிப் பார்த்தேன். சிங்கப்பூருக்கும் நியூஜெர்சிக்கும் கோடையில் 12 மணி நேர வேறுபாடு, குளிர்காலத்தில் 13. ஆகவே கோடையில் நாம் லவுஞ்சில் அமர்ந்திருக்கும் இரவு பத்து மணி என்பது, போய் இறங்கப்போகும் ஊரில் காலை பத்து மணி. விமானத்தின் முதல் பாதி அங்கே பகல். உறங்க வேண்டியது இரண்டாம் பாதியில். இது புரிந்த பிறகு, லவுஞ்சில் நுழைந்தவுடன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அங்கே உண்பதைக் காலை உணவாகவே கருதத் தொடங்கினோம். முட்டை, பழம், கொஞ்சம் ரொட்டி, பிறகு தயக்கமின்றி ஒரு காப்பி. காப்பியின் வீரியம் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பார்கள். நாங்கள் உறங்க நினைக்கும் நேரமோ அதிலிருந்து 12 மணி நேரம் கழித்து வருகிறது.

எதை உண்ணாமல் விடுகிறோம் என்பதும் முக்கியம். அந்த விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பதைப் போன்றது, அதாவது நம் குன்னூர் அளவு. அந்த அழுத்தத்தில் வயிற்றிலுள்ள வாயு ஏறக்குறைய கால் பங்கு விரிவடையும். அதனால் கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், சோடா கலந்த பானங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றைத் தொடுவதில்லை.

குளியலறை இருக்கும் லவுஞ்சாக இருந்தால், நுழையும்போதே வரவேற்பு மேசையில் பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது. இரவு விமானங்களின் நேரத்தில் காத்திருப்பு நீண்டுவிடும். குளித்து, தளர்ந்த பருத்தி உடைக்கு மாறியதும், முதல் பயணத்தில் கால் வீங்கித் துன்பப்பட்ட என் மனைவி, மருத்துவர் சொன்ன இறுக்கமான நீள் காலுறைகளை அங்கேயே அணிந்துகொள்கிறார். அதன் பின் நாற்காலியில் சாய்வதை விட நடப்பதே மேல். 3-ஆம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் வரை போய்வந்தால், இரவில் பூச்சிகள் அடங்கியிருந்தாலும், கால்களுக்கு நல்லது.

சாங்கியில் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலில்தான் நடக்கிறது. லவுஞ்சில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் அந்தச் சோதனையைத் தாண்டாது. லவுஞ்சில் விமான அறிவிப்பு கேட்கும் என்று நம்புவதற்கும் இல்லை. எனவே கைபேசியில் அலாரம் வைத்து, புறப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு எழுந்து, பாட்டிலில் இருப்பதைக் குடித்துவிட்டு, வெறும் பாட்டிலோடு வாயிலை நோக்கி நடக்கிறோம். இருக்கையில் அமர்ந்ததும் விமானப் பணியாளரிடம் அதை நீட்டினால், நிரப்பித் தருகிறார்கள்.