பத்தரை மணிக்கு விளக்கை அணைப்பவளின் நாட்குறிப்பு

ஜனவரி 9

இறுதிப் பருவத்தின் கால அட்டவணை இன்று கைக்கு வந்தது. எழுத்துத் தேர்வுகள், ஆய்வகத் தேர்வு, ஆய்வறிக்கை, அதன் மீதான வாய்மொழித் தேர்வு என எல்லாம் நெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்த உடனேயே வகுப்பில் பலரும் எந்தெந்த இரவுகளில் கண்விழிக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். நான் அந்தக் கணக்கை மறுமுனையிலிருந்து போட வேண்டியவள். இரவு பத்தரைக்கு விளக்கை அணைப்பது, காலை ஆறரைக்கு எழுவது என்ற இரண்டையும் முதலில் எழுதிக்கொண்டு, எஞ்சிய நேரத்துக்குள்தான் படிப்பை அடுக்குகிறேன்.

எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை எழுச்சிக்கும் சோர்வுக்கும் இடையே ஊசலாடும் பைபோலார் நோய், இருப்பது இரண்டாம் ஆண்டில் தெரியவந்தது. முதலில் மனச்சோர்வு என்று மட்டும் கருதி அதற்கான மாத்திரை தரப்பட்டது. சில வாரங்களில் உறக்கம் சுருங்கி, பேச்சு பெருகி, நான் வேறு ஒருத்தியாக நடமாடத் தொடங்கிய பிறகே மருத்துவர் பழைய வரலாற்றையும் கேட்டு, இது பைபோலாரின் இரண்டாம் வகை என்றார். இந்த வகையில் மேனியா எனப்படும் கட்டுமீறிய எழுச்சி முழு அளவில் வருவதில்லை. குறைந்தது 4 நாட்கள் நீடிக்கும் ஹைப்போமேனியா என்ற மிதமான எழுச்சியும், 2 வாரங்களுக்குக் குறையாத ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டும் நோய் இது. அதாவது, கல்லூரியில் இருக்கும் வயதில். உறக்கம் குறைவது இந்த நோயின் அறிகுறி மட்டுமன்று, நோயைக் கிளப்பிவிடும் காரணமும் அதுவே. கல்லூரியோ இரவெல்லாம் விழித்துப் படிப்பவரைத்தான் உழைப்பாளி என்று கொண்டாடுகிறது. இந்தப் பருவம் முழுவதும் நான் எதிர்கொள்ளப்போகும் சிக்கல் இதுதான் என்பதால், அதை இங்கே தொடர்ந்து எழுதி வைக்க எண்ணுகிறேன்.

ஜனவரி 27

இன்று இரத்தப் பரிசோதனை. நோய்க்காக நான் உட்கொள்ளும் லித்தியம் என்ற மருந்தின் அளவை இரத்தத்தில் பார்க்க வேண்டுமானால் கடைசி வேளை மாத்திரை உட்கொண்டு 12 மணி நேரம் கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். அதனால் நேற்றிரவு ஒன்பதரைக்கு மாத்திரை, இன்று காலை ஒன்பதரைக்கு ஊசி, முதல் வகுப்பு போயிற்று. அளவு லிட்டருக்கு 0.7 மில்லிமோல் என்று வந்திருக்கிறது. வழக்கமாக 0.6 முதல் 1.0 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகிவிடும். பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் சிலவே.

வேதியியல் படிப்பவள் என்பதால் இந்த மருந்தின் மீது எனக்குத் தனி அக்கறை உண்டு. தனிம அட்டவணையில் மூன்றாவதாக நிற்கும் லித்தியம், சோடியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுநீரகம் இரண்டையும் ஏறத்தாழ ஒரே விதமாகக் கையாள்கிறது. காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். உப்பைத் திடீரெனக் குறைக்கக் கூடாது, தண்ணீரை மறக்கக் கூடாது, வலிக்கு ஐபுப்ரோஃபென் போடக் கூடாது என்று மருத்துவர் சொன்ன விதிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே காரணம்தான் அடிப்படை. காரணம் புரிந்த பிறகு அவற்றைக் கடைப்பிடிப்பது எனக்கு எளிதாகிவிட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் மேனியா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கிய சிகிச்சை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் முதல் வரிசையில் நிற்கிறது. லித்தியம் உட்கொள்பவர்களுக்குக் கூடவே பார்க்கப்படும் தைராய்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் இம்முறை சரியாகவே இருக்கின்றன.

பிப்ரவரி 14

இந்த வாரம் அதிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, களைப்பே இல்லை. நேற்று ஆய்வறிக்கையின் இரண்டாம் இயலை ஒரே அமர்வில் எழுதி முடித்தேன். ஒரு பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மூன்று பத்திகளும் வரிசையில் வந்து நின்றன. விசைப்பலகைதான் என் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு, இதே வேகத்தில் போனால் மாத இறுதிக்குள் முடித்துவிடலாம் என்று பாராட்டினார்.

எழுதியது நன்றாகவே இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள கடினம். மோசமாக இருந்தால் விட்டுவிடுவது சுலபம். சோர்வுக் காலத்தில் ஒரு வரிக்காக நாள் முழுதும் தவமிருந்த எனக்கு, இந்த வெள்ளத்தை அணைபோட்டு நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய இழப்பாகத் தோன்றும் என்பதை, இதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆயினும் நான் நிதானமாக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்த ஒரு தாள் என் அறைத்தோழியிடம் இருக்கிறது. அடுத்தவரைப் பேசவிடாமல் பேசுவது, நள்ளிரவில் செய்தி அனுப்புவது, தேவையற்ற பொருட்களை இணையத்தில் வாங்குவது, காரணமின்றி எரிந்து விழுவது என என்னுடைய முன்னறிகுறிகளை அதில் குறித்திருக்கிறேன். இவற்றில் இரண்டைக் கண்டால் என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். இன்று காலை அவள் அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "நேத்து ராத்திரி நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடலைடி" என்றாள். முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபமும் பட்டியலில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

இரவு மாத்திரையின் அளவைச் சில நாட்களுக்குக் கூட்டியிருக்கிறார். நண்பகலுக்குப் பிறகு காபி இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினி தோழியின் அலமாரிக்குப் போய்விடும். உறக்கம் வராவிட்டாலும் விளக்கில்லாத அறையில் படுத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 19

ஏழு மணி நேரம் தூங்கினேன். மூன்றாம் இயல் மெதுவாக நகர்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மாற்றுக் கருத்து இல்லை.

மார்ச் 11

எழுச்சிக்குப் பின்னால் சரிவு வரலாம் என்று எதிர்பார்த்திருந்தேன், வந்துவிட்டது. ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஒரே பத்தியைக் காலையிலிருந்து படிக்கிறேன். சொற்கள் தெரிகின்றன, ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. பத்தியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறைந்துவிடுகிறது. தலைக்குக் குளிப்பது என்பது இப்போது தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டிய பல வேலைகளாகப் பிரிந்து கிடக்கிறது: எழுவது, துண்டை எடுப்பது, குழாயைத் திறப்பது. இதைச் சோம்பல் என்று நினைப்பவர்களிடம் வாதாடும் வலு எனக்கு இல்லை. சோம்பலில் ஒரு சுகமாவது இருக்கும்.

இல்லாமலே போய்விட்டால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் நேற்று வந்தது. அது வந்த அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள உறுதி என்பதால், அம்மாவிடமும் அவரிடமும் சொன்னேன். அம்மா அழவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "நான் கிளம்பி வர்றேன், நீ போனை மட்டும் வச்சிடாதே" என்றார். வந்து சேரும்வரை தோழி பக்கத்திலேயே இருந்தாள். மாத்திரைகள் இப்போது அம்மாவின் பொறுப்பில் இருக்கின்றன. இன்று மருத்துவர் நேரில் பார்த்து மருந்தைச் சற்று மாற்றியிருக்கிறார். நாளை மறுநாள் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அதே எண்ணம் இருக்குமானால், அது கடந்துபோகும் என்று தனியே காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துறைத் தலைவரிடம் ஆய்வறிக்கைக்குக் கூடுதல் அவகாசம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் வேண்டுமா என்று மருத்துவர் கேட்டார். நாள்பட்ட நோய்க்குச் சிகிச்சை பெறுபவர், இன்ன தேதிவரை ஓய்வு தேவை என்ற அளவே போதும் என்றேன். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை நானே முடிவு செய்ய வேண்டும். அவகாசத்துக்கு விலையாக அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 30

அவகாசம் கிடைத்துவிட்டது. பத்திகள் மறுபடி பத்திகளாகப் படிக்கக் கிடைக்கின்றன.

இன்று உலக பைபோலார் நாள். 1853இல் இதே தேதியில் பிறந்த ஓவியர் வான் கோவுக்கும் இந்த நோய் இருந்திருக்கலாம் என்ற கருத்தால் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய்தான் அவருடைய கலைக்கு ஊற்று என்பதுபோல் இன்று பலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடுமையாக நோயுற்ற வாரங்களில் அவர் பெரும்பாலும் வரைய இயலாமல் கிடந்தார். தெளிந்த இடைவேளைகளில்தான் பெரும்பாலும் வரைந்தார். பிப்ரவரியில் நான் எழுதிய இரண்டாம் இயலை இப்போது அமைதியாகப் படிக்கும்போது, கருத்து என்னுடையதாகத்தான் இருக்கிறது. அந்த வேகம் இல்லாமலும் அது என்னிடமிருந்து வந்திருக்கும், பிந்தி வந்திருக்கும், அவ்வளவே.

ஏப்ரல் 16

ஆய்வகத் தேர்வு முடிந்தது. லித்தியத்தால் என் விரல்களில் மெல்லிய நடுக்கம் உண்டு. பிப்பெட் என்ற அளவுக் குழாயில் கரைசலின் வளைந்த மேற்பரப்பைக் கோட்டுக்குக் கொண்டுவரும்போது விரல் நடுங்கினால் திரவம் கோட்டைத் தாண்டிவிடும், மறுபடி நிரப்ப வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி ஆள்காட்டி விரலைத் தளர்த்தினால் நடுக்கம் அடங்குகிறது என்பதைப் பயிற்சியில் கண்டுகொண்டேன். தேர்வு நாளில் காபியையும் தவிர்த்தேன். ஒரு கரைசலின் செறிவை இன்னொன்றைச் சேர்த்துக் கண்டறியும் தரம்பார்த்தலில் வாசிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தின. இரவு வழக்கம்போல் பத்தரைக்குப் படுத்தேன், பாடத்தில் ஒரு பகுதி மீதமிருந்தபோதும்.

மே 22

வாய்மொழித் தேர்வும் முடிந்து, ஆய்வறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. மதிப்பெண் நான் முதலாம் ஆண்டில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, மார்ச்சில் அஞ்சியதைவிட அதிகம்.

படிப்புதான் முடிந்துவிட்டதே, இனியும் மாத்திரை எதற்கு என்று உறவினர் ஒருவர் கேட்டார். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம், குறிப்பாக எழுச்சி நிலை வரும் அபாயம் கூடுகிறது; நிறுத்துவதானாலும் மருத்துவரின் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதை அவருக்கு விளக்கியது அண்ணன்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. வாரந்தோறும் மாறும் சுழற்சிப் பணி, அதில் இரவுப் பணியும் உண்டு. பகல் பணி மட்டும் தர இயலுமா என்று கேட்டு இன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மறுத்தால் வேறு இடம் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த இரத்தப் பரிசோதனை ஜூலையில்.