தவளைக்கல்லுக்குச் சுண்ணாம்பு

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கணியம்பாடி தாண்டி எங்கள் ஊர் முனையில் இருக்கும், தவளை மாதிரி வண்ணம் பூசிய பாறையான தவளைக்கல்லின் இடது கண் இன்று பெயர்ந்து விழுந்துவிட்டது. பெயிண்ட் மட்டும் இல்லை, கல்லும் சேர்ந்தே. கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலச் சில்லு. உடைந்த பக்கம் கருங்கல் மினுமினுக்கிறது. மறு பக்கம் பச்சை, மஞ்சள், திரும்பவும் பச்சை என்று பழைய பூச்செல்லாம் ஏடு ஏடாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் வெள்ளை. ராத்திரியில் பஸ்காரர்களுக்கு வளைவு தெரியட்டும் என்று முதன்முதலில் அடித்த சுண்ணாம்பு அது என்பார் நைனா. தவளை அப்புறம் வந்ததுதான்.

ஏப்ரல் 21

பெயிண்டர் அண்ணன் வந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். சில இடத்தில் டொக்கு டொக்கு என்று சத்தம். "எனாமல் அடிச்சா ஈரம் உள்ளயே நின்னுடுது தம்பி. வெயில் ஏற ஏற உப்பிக்கினு வரும். சுண்ணாம்பே அடிப்போம்" என்றார். வெயிலும் மழை ஈரமும் மாறி மாறிப் பட்டால் இந்தப் பக்கத்துப் பாறைகள் வெங்காயத் தோல் மாதிரி உரியும். அதன் மேல் காற்றுப் புகாத பூச்சும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏப்ரல் 24

ஒரு கடைக்காரர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறாராம். தவளை வயிற்றில் கடைப் பெயர் எழுத வேண்டுமாம். டீக்கடையில் பாதிப் பேர் சரி என்றார்கள். நான் கூடாது என்றேன். மணாலி–ரோதாங் சாலைப் பாறைகளில் விளம்பரம் எழுதிய கம்பெனிகளுக்கு 2002-இல் உச்ச நீதிமன்றம் அபராதம் போட்டதையும் சொன்னேன். எனக்குச் சட்டத்தைவிட இதுதான் பெரிது: 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது, 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. எத்தனை முறை பிரித்தாலும் எங்கள் கல்யாணப் பத்திரிகையில் 'தவளைக்கல் அருகில்' என்பது மாறவில்லை. கண்டக்டரும் அப்படித்தான் குரல் கொடுக்கிறார். கல் இருப்பது பெரியப்பாவின் பட்டா நிலத்து ஓரம். அவரும் முடியாது என்றுவிட்டார். வீட்டுக்கு வீடு வசூல்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலேயே டிரம்மில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். புஸ்ஸென்று சீறிக் கொதித்தது. பிள்ளைகளைத் தள்ளியே நிற்க வைத்தோம், கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆறியதும் வேட்டித் துணியில் வடிகட்டி, பூச்சு ஒட்டிப் பிடிக்கக் காய்ச்சிய வஜ்ரப் பசை கலந்தார் அண்ணன். உரியும் ஏடுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவே மதியம் ஆகிவிட்டது. கண் பெயர்ந்த பள்ளத்தை நிரப்ப வேண்டாம், பள்ளத்துக்குள்ளேயே கண்ணை வரைந்துவிடலாம் என்று அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. மலையம்பட்டுப் பக்கம் ஆர்மாமலைக் குகையில் சமணர் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டு வேலை, இன்னும் மிச்சமிருக்கிறது. அது குகை நிழல், இது நடுவெயில். இருந்தாலும் நம்பிக்கை வந்தது.

மே 3, சனி

பச்சை இரண்டாவது கை முடிந்தது. நாளை அக்னி நட்சத்திரம் ஆரம்பம், இனி விடிகாலையில் மட்டும் வேலை. வாய்க்குச் சிவப்பு பாக்கி, முதுகுப் புள்ளிகள் பாக்கி. 12-ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. கிரிவலத்துக்குப் போகும் பஸ்ஸெல்லாம் இந்த வழிதான். அதற்குள் முடித்தாக வேண்டும். உயரமான ஏணிக்குப் பந்தல்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.