அமீரகம் போகிறவர்களுக்கு: ரமலான் நாட்குறிப்பு, 2025

பிப்ரவரி 24, திங்கள்

ரமலான் நெருங்குகிறது. துபாய்க்கு வருகிறவர்கள் என்ன உடுத்தலாம், எங்கே மது குடிக்கலாம் என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். கசகசா இருந்தால் எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அபின் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அதற்குத் தடை. தனியாகப் பொட்டலம் கட்டினால்தான் தப்பு என்றில்லை. வீட்டில் அரைத்த குருமா பொடியிலும் அது சேர்ந்திருக்கும். வெற்றிலைக்கும் தடை உண்டு. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை அப்படியே பெட்டிக்குள் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணமும் நகையுமாக 60,000 திர்ஹாமுக்கு மேல் கொண்டு வந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

இன்று மாத்திரை. மற்ற எதையும்விட இதற்குத்தான் நேரம் ஒதுக்கச் சொல்வோம்.

சர்க்கரை நோயில் கால் எரிச்சலுக்கு நம்மூரில் சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரைகள் பலவற்றில் பிரிகாபலின் இருக்கிறது. அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வலிக்குத் தரும் டிரமடால், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன் எல்லாம் இதே கணக்குதான். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். கூட்டு மாத்திரை என்றால் எல்லாப் பெயரையும் படியுங்கள்.

உங்கள் மருந்து கட்டுப்படுத்தப்பட்டவற்றின் பட்டியலில் இருந்தால், கிளம்பும் முன்பே அமீரக அரசின் இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும். மருந்துச் சீட்டு, டாக்டர் கடிதம், பாஸ்போர்ட் நகல் வேண்டும். கடிதத்தில் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நோய்க்கு, தேதி, முத்திரை எல்லாம் தெளிவாக இருக்கட்டும். கிறுக்கலான சீட்டு மட்டும் போதாது.

இன்னொன்று: மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை அட்டையை நாலாக வெட்டித் தருவார்கள். பெயரும் தேதியும் இருந்த ஓரம் கடையிலேயே நின்றுவிடும். பெயரில்லாத துண்டு அட்டையை எந்த அதிகாரியாலும் அடையாளம் காண முடியாது. முழு அட்டையாக வாங்குங்கள், பில்லோடு. டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

மது பற்றிச் சுருக்கமாக. துபாயில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், உரிமம் உள்ள இடத்தில் மட்டும் குடிக்கலாம். பக்கத்து ஷார்ஜாவில் விற்பனையே கிடையாது. கடற்கரையிலும் தெருவிலும் கூடாது. வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு மடக்கும் கூடாது.

இரவு: பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

மார்ச் 1, சனி

நோன்பு இல்லாதவர்கள் சாப்பிடத் தடையில்லை. பொது இடத்தில் வேண்டாம், அவ்வளவுதான். தண்ணீர், சூயிங்கம், சிகரெட் எல்லாமே இதில் அடங்கும். டாக்ஸியும் சொந்தக் காரும்கூடப் பொது இடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் பகலில் உணவகங்கள் இயங்கும். 2021 முதல் திரை போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஷார்ஜாவில் அனுமதி வாங்கிய கடைகள் மட்டுமே திறக்கும்.

நோன்பு திறக்கும் நேரம் ஆறரைக்குச் சற்று முன். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சாலை நெரியும், டாக்ஸி கிடைப்பது கஷ்டம். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் நாலரைக்கே கிளம்பிவிடுவது நல்லது.

நோன்பு திறக்கும் இஃப்தார் பந்தலில் யாரும் உட்காரலாம், மதம் கேட்க மாட்டார்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும்வரை எதிரே இருக்கும் பேரீச்சம்பழத்தைத் தொடாமல் இருங்கள். சைவர்கள் கவனிக்க: வெண்பொங்கல் போலத் தெரியும் ஹரீஸில் இறைச்சி குழைந்து கிடக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

அரபு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போனால் கஹ்வா என்ற அரபுக் காபி தருவார்கள். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பெண்களிடம் கைகுலுக்க நாமாகக் கை நீட்டக் கூடாது. அவர்கள் நீட்டினால் கொடுக்கலாம், இல்லையேல் நெஞ்சில் கை வைத்தால் போதும்.

மார்ச் 11, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி எழுதுவது நம்மூரில் வாய்த்தகராறு. இங்கே 2021-ன் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டப்படி குற்றம்: சிறை, அல்லது 2.5 லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தொகையே நம் பணத்தில் ஐம்பது லட்சத்தைத் தாண்டும். கேட்காமல் ஒருவரைப் படமெடுத்துப் பரப்பினாலும் இதே சட்டம் பாயும். விபத்தைக் கண்டால் படமெடுக்கப் போனை எடுக்காமல் நகருங்கள்.

ஊரில் ஒருவருக்கு ஆபரேஷன், உதவுங்கள் என்று குழுவில் வசூல் அறிவிப்புப் போடுவதும் இங்கே ஆபத்து. உரிமம் பெற்ற அமைப்புகள் மட்டுமே நன்கொடை திரட்டலாம். நல்ல மனசோடு செய்ததாகச் சொன்னாலும் சட்டம் கேட்காது. தெரிந்த குடும்பத்துக்கு நீங்கள் நேராக அனுப்பிவிடுங்கள், பிறரிடம் கேட்காதீர்கள்.

மார்ச் 29, சனி

புதிய போக்குவரத்துச் சட்டம் இன்று அமலுக்கு வந்தது. கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் இதுவரை 400 திர்ஹாம் அபராதம். இனி மணிக்கு 80 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் வேகம் அனுமதித்த சாலை என்றால் மூன்று மாதத்துக்குக் குறையாத சிறை, 10,000 திர்ஹாமுக்குக் குறையாத அபராதம், இரண்டில் ஒன்றோ இரண்டுமோ. துபாயின் பெருஞ்சாலையான ஷேக் சாயித் சாலையைக் கடக்க மெட்ரோ நிலைய மேம்பாலங்களைப் பயன்படுத்துங்கள். ரயில் ஏறாமல் மறுபக்கம் போவதற்கு அங்கே டிக்கெட் தேவையில்லை.